கூரையில் நான்கு ஓட்டை

மளிகைக் கடையில் முகப்பவுடர் மூன்று டின் எடுத்து வைத்ததும் கடைக்காரர் தலை நிமிர்ந்தார்.

"என்ன ஆன்ட்டி, வீட்ல விசேஷமா?"

"வேனுக்கு," என்றேன்.

சுங்கை சிப்புட்டில் என்னையும் என் வேனையும் இருபது வருசமாகப் பார்க்கிறவர். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மீதிக் காசை எண்ணிக் கொடுக்கும்போது மட்டும், "சாமான் ஏத்துற வண்டி மணக்கப் போவுது," என்றார்.

பவுடர் கதைக்கு வருகிறேன். முதலில் வேன்.

நிஸான் வேனட். மலேசியாவில் இதில் ஒரு தடவையாவது ஏறாதவர் குறைவு. பசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தையில் பழம் விற்கிறவரிடம் இருக்கும், கேட்டரிங்காரரிடம் இருக்கும், பஜனைக் குழுவிடம் இருக்கும். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். மத்தியானம் ஓட்டினால் கீழேயும் அடுப்பு, மேலேயும் அடுப்பு. பத்தொன்பது வருசம் அதில் தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றி இறக்கினேன். பிள்ளைகளுக்கு நான் 'வேன் ஆன்ட்டி'. இப்போது அதில் சிலர் தங்கள் பிள்ளைகளோடு பசாரில் எதிர்ப்பட்டு, அந்தப் பிள்ளைகளிடமும் "வேன் ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு" என்கிறார்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். வேண்டிய ஆளும் கடல் தாண்டி வந்தார்கள். நம் ஜனங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் நகர்ந்தார்கள். காலையில் இரண்டு நடை அடித்த வேன் ஒரு நடைக்கு வந்தது. கடைசி வருசம் ஏழே பிள்ளைகள். பர்மிட்டைத் திருப்பிக் கொடுத்து, வேனைச் சொந்த வண்டியாக மாற்றிப் பதிந்தேன். அதற்கு அலைந்த அலைச்சலைத் தனியாக எழுதலாம், ஆனால் எழுத மாட்டேன், ரத்தக் கொதிப்பு ஏறும்.

விற்றிருக்கலாம். பழைய இரும்புக்காரர் சொன்ன விலையைக் கேட்டதும் அம்மாதான் முந்திக்கொண்டார். "அத வச்சுக்க. நான் ஒரு தடவ கோலகங்சார் மரத்தப் பார்க்கணும்."

அம்மாவுக்கு எழுபத்தொன்பது. முப்பத்தெட்டு வருசம் ரப்பர் மரம் வெட்டியவர், அதாவது பால் இறங்கப் பட்டையைச் சீவியவர். இன்னும் விடியற்காலை நாலு மணிக்குக் கண் திறந்துவிடும், அலாரம் எதுவும் வேண்டாம். வெற்றிலை பாக்குச் சில்லறை போட்டு வைப்பது, மரத்தில் ரப்பர் பால் பிடிக்க வைக்கிற பழைய மங்கில். கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில், 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். அந்த மரத்தின் பேரப்பிள்ளைகளை ஆயுசு முழுக்க வெட்டியவர் அதைப் பார்த்ததே இல்லை. ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று கேட்காதீர்கள். பக்கத்தில் இருப்பதற்குத்தான் நாம் போவதே இல்லை.

முட்டி தேய்ந்தவரைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஹோட்டல் கட்டில் உயரம் ஒத்துவராது. ராத்திரி நாலு தடவை கழிப்பறை. அதனால்தான் வேனுக்குள் படுக்கை போடலாம் என்று இறங்கினேன். கைபேசியில் வீடியோக்கள் பார்த்தேன். எல்லாம் வெள்ளைக்காரர்கள். தண்ணீர்க் குழாய் உறைந்து போகாமல் இருக்க என்ன செய்வது, டீசல் ஹீட்டரை எங்கே பொருத்துவது என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நான் பேராக்கில் உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, குளிருக்கு மெத்தை வைத்த சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்குப் பகை வேறே: மழை, சூடு, துரு, எறும்பு.

மெத்தை போட்ட மறுநாளே மழை. வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன், அம்மா படுத்துப் பார்க்கிறேன் என்று உள்ளே போனார். கால் மணியில் குரல் வந்தது: "அபிஷேகம் நடக்குது, வந்து பாரு." தலையணை ஈரம், நெற்றி ஈரம்.

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே, கூரையும் பக்கவாட்டும் சேருகிற மழைக்கால்வாயில், இடுக்கை அடைக்கிற பழைய சீலண்ட் பசை வெடித்திருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரும்புக்கடைத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், இருப்பதிலேயே மலிவான சிலிக்கோன் வாங்கி, கால்வாய் நெடுகப் பூசினேன். காடி நெடி அடித்தது. அந்த நெடிதான் எச்சரிக்கை என்று அப்போது தெரியாது. அது காய்கிறபோது வெளிவருவது அசிட்டிக் அமிலம், வெறும் இரும்பில் பட்டால் துருவை வா என்று அழைக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கோன் பட்ட இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. சாயம் ஒட்டாது, நல்ல சீலண்டும் ஒட்டாது, இன்னொரு பூச்சு சிலிக்கோன்கூடச் சரியாக ஒட்டாது. பிற்பாடு அதைச் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு நாளும் ஒரு நகமும் ஆனது.

அடுத்த மழையிலும் அதே இடத்தில் சொட்டு.

ஜன்னல் ரப்பராக இருக்கும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். 140 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மாற்றினேன். சொட்டு நின்றது. நான் ஒரு வாரம் தலை நிமிர்ந்து நடந்தேன். உண்மையில் அந்த வாரம் மழையே இல்லை.

பிறகுதான் பிட்டர் பெரியப்பாவிடம் போனேன். தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், உறவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் பெரியப்பா. வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "பாப்பா, தண்ணி விழுற எடத்தப் பார்க்காத. நுழையற எடத்தப் பாரு. ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. உள்கூரைத் துணியக் கழட்டு. கம்பி எல்லாம் காய விட்டு வெள்ளையா ஏதாச்சும் தூவு. தண்ணி தானா கோடு போட்டுக் காட்டும்."

வெள்ளையாக வீட்டில் இருந்தது திருநீறு. ஒரு பொட்டலத்தைப் பிரித்ததும் அம்மா போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. அப்படித்தான் முகப்பவுடர்.

சனிக்கிழமை தம்பி மகன் ஈப்போவிலிருந்து வந்தான். அவன் வெளியே ரப்பர் பைப்போடு, நான் உள்ளே டார்ச்சோடு. இந்த வேலையில் வரிசை முக்கியம். கீழேயிருந்துதான் தொடங்க வேண்டும்: முதலில் கதவுக்கு அடிப்பக்கம், பிறகு ஜன்னல், பிறகு மழைக்கால்வாய், கடைசியில் கூரை. ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம், தண்ணீரை வேகமாக அடிக்காமல் மழை மாதிரி வழிய விட வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் அடித்தால் எல்லா இடமும் நனைந்து, எது எங்கிருந்து வந்தது என்று சாமிக்கும் தெரியாது.

கதவில் ஒன்றுமில்லை. ஜன்னலில் ஒன்றுமில்லை (140 வெள்ளி). கால்வாயில் ஒன்றுமில்லை. கூரையின் முன்பாகத்து நடுவில் தண்ணீர் போன இரண்டாவது நிமிடம், பவுடரில் ஒரு கோடு பிறந்தது. முன்பக்கத்து நடுவிலிருந்து கிளம்பி, கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது பக்கமாகச் சாய்ந்து இறங்கி, நாலு அடி தள்ளி, அம்மாவின் தலையணைக்கு நேர் மேலே வந்து நின்று, கனத்து, சொட்டியது. அம்மா வாசல் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அட, வெட்டுக் கோட்டுல பால் எறங்குற மாதிரி எறங்குது பாரு," என்றார்.

கோடு பிறந்த இடம் எது தெரியுமா? பள்ளி வேனாக இருந்தபோது கூரையில் 'பாஸ் செக்கோலா', அதாவது பள்ளி பஸ், என்று ஒரு மஞ்சள் பலகை இருந்தது. நாலு போல்ட்டில் நின்ற பலகை. பர்மிட்டைக் கொடுத்தபோது ஒரு பட்டறையில் அதைக் கழற்றச் சொன்னேன். அவர்கள் கழற்றி, நாலு ஓட்டையிலும் புட்டி அடைத்து, தேய்த்து, மேலே சாயம் அடித்து, 180 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். பார்வைக்கு மழமழவென்று இருந்தது. புட்டி என்பது பள்ளத்தை நிரவுவதற்கு, ஓட்டையை அடைப்பதற்கு இல்லை. கூரைத் தகடு வெயிலில் விரியும், மழையில் சுருங்கும், ஓடும்போது அதிரும். புட்டி அதோடு சேர்ந்து ஆடாது, மயிரிழையாக விரிசல் விடும். பிறகு அதுவே பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை இல்லாத நாளிலும் இரும்பை ஈரமாக வைத்திருக்கும்.

சுரண்டினோம். புட்டியோடு சாயமும் சாயத்தோடு தகடும் வந்தது. விரல் நுழைகிற ஓட்டையாக நான் நினைத்ததில் இரண்டு, ஐம்பது காசு அளவுக்கு வாய் திறந்திருந்தன.

வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டேன். பெரியப்பா தலையாட்டினார். கூரைத் தகடு மெல்லிசு, சூட்டில் அப்பளமாக நெளியும், உள்ளே இருக்கிற பஞ்சு பற்றிக்கொண்டாலும் கொள்ளும். அலுமினியத் தகடு ஒட்டலாம் என்றான் தம்பி மகன். அதற்கும் தலையாட்டல்: ஈரம் சேர்ந்தால் இரண்டு உலோகமும் சண்டை போட்டு ஒன்று அரித்துப்போகும். "இரும்புக்கு இரும்பு வையி." சுற்றிலும் பளபளவென்று வெள்ளி தெரியும்வரை துருவைத் தேய்த்தோம். பள்ளங்களில் தேய்க்க முடியாமல் ஒட்டியிருந்ததற்குத் துரு மாற்றும் திரவம் பூசினோம். அதில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் சிவப்புத் துருவைக் கறுப்பாக, அசையாத படலமாக மாற்றிவிடும். அது காய்ந்த பிறகு பிரைமர். ஒரு மில்லிமீட்டர் தகட்டில் வட்ட வட்டமாக வெட்டி, அவற்றுக்கும் இரண்டு பக்கம் பிரைமர் அடித்து, பாலியூரித்தேன் சீலண்டில் பதித்து, ரிவெட் அடித்து, ரிவெட் தலை மேலேயும் சீலண்ட். இந்தச் சீலண்ட் காய்ந்த பிறகும் ரப்பராகவே இருக்கும், தகடு விரிந்தால் கூடவே விரியும். ஒரு குழாய் சிலிக்கோனைப்போல நாலு மடங்கு விலை. முதலிலேயே இதை வாங்கியிருந்தால் என் நகம் பிழைத்திருக்கும்.

நாலு ஓட்டையில் மூன்றைத்தான் அடைத்தோம். நாலாவதை விட்டு வைத்தேன். சோலார் வயர் உள்ளே வருவதற்கு எப்படியும் ஒரு வழி வேண்டும். அந்த ஓட்டையில் தண்ணீர் புகாத வயர் மூடி ஒன்றை உட்கார வைத்தோம். சோலார் தகடுகளைக் கூரையில் போல்ட் போட்டு இறுக்காமல், மழைக்கால்வாயைக் கவ்வுகிற கொக்கிக் கம்பியில் நிறுத்தினேன். என் உயிர் உள்ளவரை அந்தக் கூரையில் இனி டிரில் படாது.

மின்சாரத்துக்கு வருவோம். இரண்டு தகடு, ஒவ்வொன்றும் 100 வாட். வெளிநாட்டு வீடியோக்களில் தகட்டைச் சூரியனை நோக்கிச் சாய்க்க ஜாக்கி மாதிரி ஏதேதோ வைத்திருக்கிறார்கள். நாம் பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகைக்குள் இருக்கிறோம், சூரியன் உச்சந்தலையில்தான். மல்லாக்கப் போட்டால் போதும். மத்தியானத்துக்கு மேல் மேகம் கட்டும் என்பதால், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் முழு வெயில் என்று கணக்கு வைத்தேன்: 800 வாட்-மணி, அதிலும் சேதாரம் போகும். சின்ன கம்ப்ரஸர் குளிர்பெட்டி, அம்மாவின் இன்சுலினுக்கு. அது நம் சூட்டில் நாளொன்றுக்குச் சுமார் 500 தின்கிறது. இரண்டு காற்றாடி, இரண்டு விளக்கு, கைபேசி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி, ஆக 1280 வாட்-மணி. மேகம் மூடிய ஒரு நாளைத் தாங்கும்.

அந்த பேட்டரி அம்மாவின் காசு. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கிறார்கள் என்று ஜனங்கள் பயந்திருந்த காலத்தில், தாத்தா சம்பளத்தில் பிடித்துக் கட்டிய பங்கு அம்மா பேருக்கு வந்தது. ஆதாயத்தைத் தொடாமல் சேர்த்து வைத்திருந்தார். "மரம் கொடுத்த காசு, வண்டியில போட்டாத் தப்பில்ல," என்றார்.

போட்ட முதல் வாரம் குளிர்பெட்டி ராத்திரியில் நின்று நின்று போனது. பேட்டரியைப் பார்த்தால் நிறைந்திருக்கிறது. பெட்டியில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக இருந்தேன். தம்பி மகன், "அத்தை, இருங்க," என்று மல்டிமீட்டரை எடுத்தான். பேட்டரி முனையில் 13.1. பெட்டியின் பிளக்கில், ஓடிக்கொண்டிருக்கும்போது, 11.9. ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போயிருக்கிறது. காரணம் நான் வாங்கிய வயர். வீட்டில் கிடந்த ஒரு சதுர மில்லிமீட்டர் வயர், ஐந்து மீட்டர் நீளம். போக ஐந்து, வர ஐந்து, மின்சாரத்துக்குப் பத்து மீட்டர். ஐந்து ஆம்பியர் போகும்போது அந்த வயரே கிட்டத்தட்ட 0.9 வோல்ட்டைத் தின்னும், சிகரெட் லைட்டர் பிளக் மிச்சத்தை. வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12-இல் ஒன்று போனால் பெட்டி, பேட்டரி காலி என்று நினைத்துத் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டு, லைட்டர் பிளக்கை வெட்டி எறிந்து, திருகு முனையில் நேரே கொடுத்தோம். இழப்பு கால் வோல்ட்டுக்குள் வந்தது. கடைக்குப் போன மானம் மிச்சம்.

பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒரு சாண் தூரத்துக்குள். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. பியூஸ் காப்பாற்றுவது பெட்டியை இல்லை, வழியில் போகிற வயரை. 12 வோல்ட் ஆளை அடிக்காது, உண்மைதான். ஆனால் இந்த பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒரு ஸ்பானர் விழுந்தால் அது சிவந்து போகலாம். பக்கத்தில் மெத்தை. எனக்கு அதை விளக்க வேண்டியதில்லை, தோட்டத்தில் புகைக்கூடம் எரிந்ததைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியை முன்சீட்டுக்குப் பின்னால் வைக்காதீர்கள், எஞ்சின் சூடு அங்கேதான். என்னுடையது பின்சக்கரத்து மேட்டுக்குப் பக்கத்தில். இன்னொன்று, எறும்பு. ரிலே பெட்டிக்குள் குடும்பத்தோடு குடிவந்து, தொடும் முனைகளுக்கு நடுவில் செத்து, காற்றாடியை நிறுத்தியது. இப்போது பெட்டி ஓரத்தில் கிரீஸ் தடவி வைக்கிறேன்.

சூட்டுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கூரை ஏற்கெனவே வெள்ளை. மஞ்சளை மாற்றும்போதே வெள்ளை கேட்டு, நிறத்தை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிந்துவிட்டேன். சோலார் தகட்டுக்கும் கூரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டதில் தகடே குடையாக நிற்கிறது, தகடுக்கும் காற்று கிடைக்கிறது. சூடேறினால் சோலார் சுரக்கும் மின்சாரம் குறையும். வெள்ளித்தாள் போர்வையை வாங்கித் தகரத்தோடு ஒட்டி வைக்கிறவர்களைப் பார்க்கிறேன். அது வெப்பத்தைத் திருப்பி அனுப்ப முன்னால் காற்று இடைவெளி வேண்டும், இரண்டு பக்கமும் ஒட்டி மூடிவிட்டால் வெறும் பளபளப்பு.

படுக்கை. வீடியோக்களில் படுக்கைக்கு அடியில் சைக்கிளே நிற்கிறது, அவ்வளவு உயரம். நான் அளந்தது அம்மா சிரமமில்லாமல் எழுந்து நிற்கும் நாற்காலியை. 43 சென்டிமீட்டர். மெத்தையோடு சேர்த்து அந்த உயரம்தான், சாமான் வைக்க இடம் குறைந்தாலும் பரவாயில்லை. பலகை ரப்பர் மரம். தச்சர் எடுத்து வந்த பலகையை அம்மா மோந்து பார்த்தார். அவர் காலத்தில் பால் வற்றிய மரத்தை வெட்டி விறகாகத்தான் எரித்தார்கள், புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டைக் காய வைக்க. இப்போது அதே மரத்தில் கட்டிலும் மேசையும் செய்து கப்பலில் ஏற்றுகிறார்கள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், வண்டும் பூஞ்சையும் சீக்கிரம் வரும். போரான் மருந்து ஏற்றிய பலகையாகக் கேட்டு வாங்க வேண்டும். ஈரம் ஆகாது. அதனால்தான் கூரையை அடைத்துவிட்டு மரவேலைக்கு வந்தோம், அந்த ஒரு வரிசையை மட்டும் நான் தப்பாமல் செய்தேன்.

சட்டம் தரையில் பழைய சீட்டு இருந்த போல்ட் ஓட்டைகளிலேயே இறுகுகிறது. அவிழ்த்தால் அரை மணியில் வெளியே வந்துவிடும். வண்டியின் உடம்பை நிரந்தரமாக மாற்றுவதென்றால் ஜேபிஜே அனுமதி வேண்டும், எனக்கு இன்னொரு அலைச்சலுக்குத் தெம்பில்லை.

ஏறி இறங்கப் படி ஒன்று. அது சுலபம். பிடித்துக்கொள்ள என்ன செய்வது என்றுதான் யோசனை. உள்தகட்டில் ஸ்க்ரூ போட்டுக் கைப்பிடி வைத்தால், அம்மாவின் பாரத்துக்கு ஒரு நாள் பிய்த்துக்கொண்டு வரும். பெரியப்பா கதவுத் தூணைத் தட்டிக் காட்டினார். பழைய சீட் பெல்ட் மாட்டியிருந்த மரை. விபத்தில் ஓர் ஆள் முன்னால் பாய்வதையே தாங்க வைத்த இடம். பின்வரிசையில் இனி யாரும் உட்காரப் போவதில்லை, அந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டு அதே போல்ட்டில் கைப்பிடி. அம்மா அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "இது போதும்," என்றார். ராத்திரிக்கு மூடி போட்ட நாற்காலிச் சட்டி ஒன்று, திரை ஒன்று. அதைப் பற்றி அதிகம் எழுதினால் அம்மா கோவிப்பார்.

சமையல் வெளியேதான். மேசையிலேயே கொதிக்கிற ஸ்டீம்போட் சூப்புக்கு வைக்கிற, வாயு டின் மாட்டும் அடுப்பு. அந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் வெளியே போகாது, தரையில் படுத்துக்கொள்ளும். நாங்களும் தரைக்குப் பக்கத்தில்தானே படுக்கிறோம்.

இப்போது ஒரு வெட்கக்கேடு. இத்தனையும் செய்த நான், பிரேக்கைப் பார்க்கவில்லை.

கோலகங்சாருக்கு முதலில் போனோம். அம்மா மரத்தைச் சுற்றி வந்து, பட்டையில் உள்ளங்கையை வைத்து, ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத்தன மொத்தத்துக்கு எத்தன மங்கு வைக்கணும்?" என்று மட்டும் கேட்டார். சமதரை, பிரேக்குக்கு வேலையே இல்லை. அந்தத் தைரியத்தில் அடுத்த மாதம் கேமரன் மலை. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும்போது, பாதி வழியில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. கருகல் வாடை. இரண்டாவது கியரில் போட்டு, அகலமான ஓரத்தில் எப்படியோ நிறுத்தினேன். கை நடுங்கியது. அம்மா பக்கத்து சீட்டிலிருந்து, "என்ன, டீ குடிக்கவா?" என்றார். ஆமாம் என்றேன். முக்கால் மணி நேரம் டீ குடித்தோம்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அது 140 ஆகிவிடலாம். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும், எண்ணெய் கொதித்து ஆவியாகும், ஆவியை அமுக்கலாம், அது பிரேக்கை அமுக்காது. பள்ளிக்கூட நடையில் மலை கிடையாது, நான் எண்ணெய் மாற்றிய வருசமும் ஞாபகமில்லை. பெரியப்பா டப்பாவைத் திறந்து பார்த்தார், கோப்பிக் கறுப்பு. திட்டவில்லை. அதுதான் அதிகமாக உறைத்தது. டாட் 4 ஊற்றினோம், 230-ம் 155-ம். தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி, தம்பி மகன் உள்ளே, நான் சக்கரத்தடியில்: "மிதி. பிடி. விடாத. இப்ப விடு." பழைய எண்ணெய் போய்த் தெளிவாக வரும்வரை நாலு சக்கரமும். மொத்தச் செலவு ஜன்னல் ரப்பரில் பாதிகூட இல்லை. பழைய வேன் வாங்கி மெத்தைக்கு அளவெடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மெத்தையைக் கீழே வையுங்கள்.

கூரைக்குச் சோதனை பாக்கி இருந்தது. பைப் தண்ணீரை நான் நம்பவில்லை. தைப்பிங்குக்குப் போவோம் என்றேன். தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர், வருசத்துக்கு 4000 மில்லிமீட்டர் அளவில். அந்தக் காலத்தில் இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டுவார்களாம். ஈயம் தோண்டிய குழிகளை 1880-இல் ஏரிப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். கரையிலிருந்து தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீர் வரைக்கும் கையை நீட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் வெளிச்சமான ஓர் இடம் பார்த்து நிறுத்தினோம்.

பந்தயம் கட்டியிருந்தால் தோற்றிருப்பேன். சாயங்காலம் வரவில்லை. ராத்திரி பதினொன்றுக்குத்தான் இறங்கியது, லோரியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி. டார்ச்சை அடித்துக் கூரைக் கம்பியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். தலைமாட்டில் சொட்டு இல்லை. நாலாவது ஓட்டையின் வயர் மூடியில் விரலை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம். ஒன்றுமில்லை.

அப்போது கால்மாட்டில் 'டொக்'. பின்கதவு ரப்பரின் மேல் மூலை. கூரையில் வைத்திருந்த கண்ணை அங்கே வைக்கவில்லை.

நான் எழுந்திருப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டார். மங்கிலிருந்த சில்லறையைத் தலையணைக்கு அடியில் கொட்டி, சொட்டு விழுகிற இடத்தில் மங்கை வைத்து, காதைக் கொடுத்துக் கேட்டு, அரை அங்குலம் நகர்த்தி வைத்தார். திரும்பப் படுத்துக்கொண்டார்.

மறுபடி எனக்கு விழிப்பு வந்தபோது அம்மா உட்கார்ந்து, கண்ணாடியில் முகத்தை ஒட்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மணி நாலு.

"மழ விடல," என்றார். "இன்னிக்கு மரம் இல்ல. படு."